சனிக்கிழமை ஆட்டக் குழுவுக்கு: டிராகனை அப்புறம் கொல்லலாம்

அன்புள்ள கிளாடியேட்டர் தம்பிக்கும், மந்திரவாதி அண்ணனுக்கும், மற்ற மூன்று பேருக்கும்,

வணக்கம். இதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதியில் கத்திவிடுவேன் என்று பயந்து எழுதுகிறேன். பொதுவில் போடுவதற்குக் காரணம், டைஸ் உருட்டும் வேறு வீடுகளிலும் இதே கதைதான் என்று கேள்வி. தெரியாதவர்களுக்கு: நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். டன்ஜன் மாஸ்டரான நான் கதை சொல்லி, அதில் வருகிறவர்களுக்குக் குரல் கொடுப்பேன்; இவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக டைஸ் உருட்டி ஆடுவார்கள்.

போன சனிக்கிழமை நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்து பேரும் அங்கேதான் இருந்தீர்கள். கதையில், ஜியஸ்டினல் என்ற அழிந்த நகரத்தின் இடிபாடுகளுக்கு அடியில், சுரங்கப் பாதையில் ஒரு கிழவி வந்தாள். நான் குரலை மாற்றிக்கொண்டு, "யாரப்பா, மேலேயிருந்தா வர்றீங்க?" என்று கேட்டு முடிக்கவில்லை. தம்பி, "நான் அடிக்கிறேன்" என்றான். டைஸில் இருபது விழுந்தது, இருப்பதிலேயே பெரிய எண். கிழவி செத்தாள். எல்லோரும் கைதட்டினீர்கள். அண்ணன் எழுந்து நின்றே தட்டினார். அடுத்த கேள்வி: "அக்கா, லூட் என்ன?" செத்தவளிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மண் குடுவை, அதில் பாதித் தண்ணீர் என்றேன். பங்கு போட்டுக் குடித்தீர்கள். பிறகு, "சரி, டிரெகோத் எங்கே? ஹெச்பி எவ்வளவு?" டிரெகோத் என்பவர் செத்த பிறகும் அந்த ஊரை ஆளும் டிராகன் அரசர். ஹெச்பி, அவரைச் சாய்க்க எவ்வளவு அடி வேண்டும் என்ற கணக்கு.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அடுத்த ஆட்டத்தில், ஆயுதத்தைத் தொடாமல், அந்த ஊருக்குள் ஒரு தடவை நடந்து போங்கள். ஒரே ஒரு ஆட்டம் போதும். டிராகனை அப்புறம் கொல்லலாம். அவர் செத்தே ஏறக்குறைய 2000 வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார்.

அந்தக் கிழவியை எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆனது. நாம் ஆடும் கதை உலகமான டார்க் சன் வெளியானது 1991-இல். டிரெகோத்தின் நகரம் பற்றிய புத்தகங்கள் அடங்கிய பெட்டி 1994-இல். எல்லாம் ஆங்கிலம். நாம் தமிழில் ஆடுகிறோம் என்பதால் ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன். இந்த ராஜாவை என்னவென்று சொல்வது? பிணம் என்றால் எரித்துவிடலாம். பேய் என்றால் வேப்பிலை அடித்து ஓட்டிவிடலாம். வேதாளம் என்று எழுதிப் பார்த்தேன். வேதாளம் அடுத்தவர் பிணத்துக்குள் குடியேறும், இவர் தன் பிணத்துக்குள்ளேயே குடியிருக்கிறார். கடைசியில் 'செத்தும் இறங்காதவர்' என்று எழுதினேன். நாற்காலியிலிருந்துதான். இதைப் படித்துக் காட்டியபோது நீங்கள் முறுக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள், பரவாயில்லை.

அவர் தங்கக் குவியல் மேல் படுத்துக் கிடக்கும் டிராகன் இல்லை. ஆத்தாஸ் என்ற அந்த உலகத்தில் இரும்புக்கே பஞ்சம், காசையே பீங்கானில் செய்கிறார்கள், குவியலுக்கு எங்கே போவது? மந்திரத்தால் படிப்படியாக டிராகனாக மாறிக்கொண்டிருந்த அரசர் அவர். முழுசாக மாறுவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி. அதைப் பார்த்துப் பயந்த மற்ற அரசர்கள், அபலாக்-ரே என்ற அரசியின் தலைமையில் கூட்டுச் சேர்ந்து வந்து கொன்றார்கள். கொன்றது அவரை மட்டுமா? ஊரே செத்தது. ஆனால் அவருடைய ஊழியர் ஒருவர் அவரை மட்டும் திரும்ப எழுப்பிவிட்டார். ஊரை யாரும் எழுப்பவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கை நின்றுவிட்டது.

எழுந்தவர் பூமிக்கு அடியில் போய், தப்பிப் பிழைத்துத் தன்னை நம்பி வந்த மனிதர்களைப் பிடித்துத் தன் சாயலில் மாற்றினார். செதில், நகம், டிராகன் முகம். டிரே என்று பெயர். முதலில் உருவானவர்கள் அவர் கண்ணுக்கு அழகாக இல்லையாம். ஒதுக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் திருத்தமாக அடுத்த தலைமுறையைச் செய்தார். அவர்கள் இன்று அந்தப் பாதாள நகரத்தில் அவரைச் சாமி என்று கும்பிடுகிறார்கள். கடவுளே இல்லாத உலகம் அது. நிஜமாகவே கடவுள் ஆவது எப்படி என்று அவர் வேறு வேறு உலகங்களுக்குப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறார். கீழே கும்பிடு நடந்துகொண்டிருக்கிறது.

நம் கிழவி அந்த முதல் தலைமுறையின் வழி வந்தவள். பெட்டியில் அவள் இல்லை. அவள் என் கற்பனை, என் சொத்து. முதுகு வளைந்தவள், இடது தோளில் செதில் சரியாக முளைக்காமல் வெறும் தோல். தினமும் வேலை முடிந்ததும் ஒரு குடுவைத் தண்ணீரோடு பாதையின் முனைக்கு வந்து உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் நகரத்தின் விளக்குகளைப் பார்ப்பாள். உள்ளே போக முடியாது. அவளுக்கு அந்த அரசரிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது: "எங்ககிட்ட என்ன குறை கண்டே?" யாராவது அந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கேட்பதாக ஒப்புக்கொண்டால், அரண்மனை வரைக்கும் காவல் இல்லாத வழி ஒன்றைக் காட்டுவாள். நீங்கள் ஆறு மாதமாகத் தேடும் வழி. அது இப்போது என் நோட்டில் மட்டும் இருக்கிறது.

"வாய்ஸ் மாத்திப் பேசினீங்க, வில்லன்னு நெனச்சேன்" என்று தம்பி சொன்னான். டீக்கடைக்காரருக்கும் நான் வாய்ஸ் மாற்றித்தான் பேசினேன், அவரை நீ கொல்லவில்லை. உண்மையில் நீ பார்த்தது செதிலை. அரசர் பார்த்து ஒதுக்கியதும் அதே செதிலைத்தான். இந்த விஷயத்தில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

இது நம் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை என்பதும் தெரியும். கம்ப்யூட்டர் கேம் பலவற்றிலும் கடைசியில் ஒரு செத்த டிராகன், அதன் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, கோடு காலியானால் பாட்டு, பெயர்ப் பட்டியல், வீட்டுக்குப் போகலாம். அங்கே குடியிருந்தவர்கள் மறுநாள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று அந்த கேம்கள் காட்டுவதில்லை. நாமும் இதே உலகத்தின் டைர் நகரத்தில் அதைத்தானே செய்தோம்? அதை ஆண்ட கலக் ஒழிந்தான் என்று பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். அடுத்த வாரம், விடுதலையான அடிமைகளை வாசலில் நிறுத்தி "தண்ணீர் யார் தருவது?" என்று நான் கேட்க வைத்தபோது, "இது அட்மின் வேலை, இதை ஸ்கிப் பண்ணலாமா?" என்று ஒருவர் கேட்டார். பெயர் சொல்லவில்லை. மந்திரம் போட்டுப் போட்டுச் சுற்றியிருக்கும் செடியெல்லாம் சாம்பலாக்கும் அண்ணன் அவர். இத்தனைக்கும் ஆபீஸில் அவருக்கு அட்மின் வேலைதான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் கோபம்தான், ஆனால் உங்களை விட்டால் எனக்கும் ஆட ஆள் இல்லை.

டிரெகோத்தைக் கொல்லக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. கொல்லுங்கள், ஹெச்பியும் அன்றைக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர் ஆளும் ஊரைப் பார்த்துவிடுங்கள் என்றுதான் தயவாகக் கேட்கிறேன். அவரைச் சாமி என்று நம்பும் ஒருவனோடு உட்கார்ந்து அரைமணி நேரம் பேசுங்கள். அவர் போனால் அவன் யாரைக் கும்பிடுவான் என்று கேளுங்கள். ஆயுதம் இல்லாமல், ஒரே ஒரு ஆட்டம்.

வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு, அதே மொட்டை மாடி. முறுக்கு இந்தத் தடவை தம்பி செலவு. நீங்கள் விட்ட இடத்திலேயே ஆரம்பிப்போம். பாதையில் அந்தக் குடுவை காலியாகக் கிடக்கிறது. அதைத் தேடிக்கொண்டு ஒருத்தி வருவாள், சின்னப் பெண், அவளுக்கும் இடது தோளில் செதில் இல்லை. குரலை மாற்றித்தான் பேசுவேன். தயவுசெய்து யாரும் டைஸை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் டன்ஜன் மாஸ்டர் அக்கா