ஏழு நிமிடக் கட்டுரைக்கு ஒரு விமானச் சீட்டு

பன்னாட்டுக் கருத்தரங்குக் குழுக்களில் இருக்கும் தமிழ்த்துறைப் பேராசிரியர்களுக்கு, வணக்கம்.

டிசம்பர் கருத்தரங்கின் அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. கோலாலம்பூர், ஐந்து நாள். ஆய்வரங்கம் அரை நாள்தான். மீதி பத்துமலை, இரட்டைக் கோபுரம், கெந்திங் மலை, பொருள் வாங்க ஒரு மாலை. விமானச் சீட்டு முதல் சான்றிதழ் வரை கட்டணத்திலேயே அடக்கம்.

நான் யோக்கியன் வேஷம் போடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பயணத்தில் நானும் போனேன். ஓட்டல் அரங்கில் ஏழு நிமிடம் கொடுத்தார்கள். ஐந்தாவது நிமிடத்திலேயே அமர்வுத் தலைவர் மணி அடித்துவிட்டார். கேள்வி ஒன்றும் வரவில்லை, வெளியே பேருந்து காத்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர்கள். மலேசியர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தியதும் கிளம்பிவிட்டார்கள்.

அப்புறம் பத்துமலை. 272 படியும் ஏறினேன். முழங்கால் வலித்தாலும் மனசு நிறைந்தது. சுற்றுலா போவதில் தப்பே இல்லை. அதற்கு ஆய்வு என்று பெயர் வைப்பதுதான் உறுத்துகிறது.

ஏன் வைக்கிறோம் என்று நமக்கே தெரியும். நம் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் கணக்கிடும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை அட்டவணையில் வெளிநாட்டில் கட்டுரை வாசித்தால் 7 மதிப்பெண், உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கில் 5, தேசிய அளவில் 3. கட்டுரை அதேதான். கடல் தாண்டினால் இரண்டு கூடுதல்.

அந்தப் பயணத்தின் கடைசி நாள் மாலை சூப்பர் மார்க்கெட்டில் விட்டார்கள். எல்லோரும் சாக்லேட்டும் கோடாலித் தைலமும் அள்ளிக்கொண்டிருக்க, எங்களோடு வந்த ஆய்வு மாணவி ஒருவர் ஒவ்வொரு விலையையும் ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்து, எடுத்ததைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் வந்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. சங்கப் பாட்டில் காடு என்பது அவர் தலைப்பு. பாதி வாசிக்கும்போதே மணி அடித்துவிட்டது. கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி, "பாமாயில் சார். வரும்போது ஜன்னல் வழியா வரிசை வரிசையாப் பார்த்தோமே, அந்த மரம்" என்றார். காடு இருந்த இடத்தில் செம்பனை. நான் அந்த பிஸ்கட்டை வாங்கினேன். பேரப்பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்.

போகவே கூடாது என்று சொல்ல நான் யார்? முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் அந்தக் கோலாலம்பூரில்தான் கூடியது. தோட்டப்புறப் பெரியவர்களின் வாய்மொழிப் பாட்டைப் பதிவு செய்ய ஒருவர் போவதானால் ஐந்து நாளில்லை, ஐந்து மாதம் தங்கட்டும். நாம் போவது அதற்கா?

கேட்பது இரண்டுதான். சுற்றுலாக் கட்டணத்தையும் கருத்தரங்குக் கட்டணத்தையும் பிரித்துப் போடுங்கள். வேண்டியவர்கள் இரண்டும் கட்டட்டும். இணையவழி வாசிக்கிறவருக்கும் அதே சான்றிதழைக் கொடுங்கள். 2020-இல் நாம் நடத்தாத இணையவழிக் கருத்தரங்கா, கொடுக்காத மின்சான்றிதழா?

என் கட்டுரையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வீட்டிலிருந்தே வாசிக்கிறேன், இருபது நிமிடம் வேண்டும். முடியாதென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த மாணவிக்கும் இதையேதான் சொல்லியிருக்கிறேன்; அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அன்புடன்,
ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மீதமுள்ள ஒரு தமிழாசிரியர்