கோயில்காட்டின் எல்லையை அளந்து பதியுங்கள்

செட்டிநாட்டு ஊராட்சிகளின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊர் ஐயனார் கோயில்காட்டில், பூசாரியின் அனுமதியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, கைபேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்துகொண்டே இரண்டு மணி நேரம் நடந்தேன். வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் கொடிகளோடு பின்னிக் கிடக்கும் உலர் பசுமைமாறாக் காடு அது; புரவி எடுப்புத் திருவிழாவில் வைத்த மண்குதிரைகளைத் தாண்டியதும் வெயில் நின்றுவிடுகிறது. வீட்டுத் தூண்களுக்குப் பர்மாத் தேக்கைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த நம் செட்டிநாட்டுச் சீமை, ஊரை ஒட்டிய இக்காட்டில் ஒரு சுள்ளி ஒடிக்கவும் அஞ்சியிருக்கிறது.

வீடு திரும்பித் தடத்தைப் பார்த்தால், ஓரிடத்தில் நான் பக்கத்து வயலுக்குள் நடந்திருக்கிறேன்! இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். திறந்தவெளியில் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும் கைபேசி, அடர்ந்த இலைக்கூரையின் கீழ் சமிக்ஞை மெலிவதாலும் மரங்களில் பட்டுச் சிதறுவதாலும் தடுமாறிவிடுகிறது. அந்தக் கோணல் தடத்தை இணையத்தில் ஏற்றினால், அதை நம்பி வருகிறவர்கள் வழியில்லாத இடத்தில் புதரை மிதித்துப் புது ஒற்றையடிப் பாதை போட்டுவிடுவார்கள். ஆகவே உட்பாதைகளைப் பொது வரைபடங்களில் ஏற்றலாகாது என்று ஊர்தோறும் முடிவெடுக்க வேண்டுகிறேன்.

எல்லையின் கதை வேறு. காடு எதுவரை என்று கேட்டபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இருவர் இரண்டு வெவ்வேறு மூலைகளைக் காட்டினார்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊரின் உயிர்வளங்களைத் தொகுத்து நீங்கள் எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் கோயில்காட்டின் பெயரோடு அதன் எல்லையும் இடம்பெற வேண்டும். பெரியவர்களையும் கிராம நிர்வாக அலுவலரையும் உடன் அழைத்து, நில அளவை எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வானம் தெரியும்படி காட்டின் வெளியோரமாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் சில நிமிடங்கள் நின்று, அட்சரேகை தீர்க்கரேகையைத் தசமத்துக்குப் பின் 5 இலக்கம் வரை குறியுங்கள். கடைசி இலக்கம் ஏறத்தாழ 1 மீட்டரைக் குறிக்கும். வேறொரு நாளில் மறுபடியும் நடந்து ஒப்பிடுங்கள். மதுரை அரிட்டாபட்டி 2022-இல், இதே சட்டப்படி அரசு அறிவிக்கும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 5 ஹெக்டேருக்கும் குறைவான திண்டுக்கல் காசம்பட்டிக் கோயில்காடும் 2025-இல் அந்தத் தகுதியைப் பெற்றது. நம் காடு சிறியது என்று தயங்க வேண்டியதில்லை.

நான் வெளியோரமாக நடந்து பதிந்த கோப்பைக் குழு கூடும் நாளில் கொண்டுவந்து தருகிறேன். உட்தடத்தை அழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வட்டத்துக் குடிமகன் ஒருவன்