எலிவளை இல்லை என்று சொன்னவர்களுக்கு

அகழாய்வின் கடைசிக் குழியையும் நேற்று மூடிவிட்டோம். தள்ளிப்போட்டால் யாரையாவது மறந்துவிடுவேன், அதனால் கை கழுவிய கையோடு எழுதுகிறேன்.

முதல் நன்றி நிலத்துக்காரருக்கு. இரும்புக்கால ஊர் ஒன்று அடியில் கிடக்கலாம் என்றபோது "தங்கம் வருமா?" என்று கேட்டீர்கள், வராது என்றேன், அப்படியும் ஒரு பருவம் முழுக்க உழாமல் விட்டுக்கொடுத்தீர்கள். சொன்னபடியே தங்கம் வரவில்லை. பானை ஓடுகள், இரும்புக் கசடு, இரண்டு தக்களி, ஓர் அடுப்பு, அப்புறம் மண்ணில் கறுப்புக் கறைகள்.

இந்தக் கறைகளில்தான் என் மானம் போயிருக்கும். மரமும் மண்ணுமாகக் கட்டிய வீட்டுக்குச் சுவர் மிஞ்சாது, கம்பம் மக்கிய இடத்தில் நிறம் மாறிய மண் மட்டும் இருக்கும். இத்தனை வருடம் தோண்டிய நான் அதை எலிவளை என்று குறிப்பேட்டில் எழுதி, அடுத்த அடுக்குக்குப் போகச் சொல்லிவிட்டேன். "சார், ஒன்றை மட்டும் பாதியாக வெட்டிப் பார்த்துவிடலாமே" என்று முதலாண்டு மாணவி ஒருவர் நகராமல் நின்றார். சரி, வெட்டு என்றேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். நடுவில் பொலபொலவென்று கறுப்பு மண், அதைச் சுற்றிக் கம்பம் ஆடாமல் இருக்க இறுக்கிய கற்கள். எலி கல் அடுக்காது. நான்கே நாளில் கறைகள் ஒரு வட்டமாகச் சேர்ந்தன, ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அகலம், அதுதான் வாசல். குறிப்பேட்டில் "எலிவளை"யை அடித்துவிட்டேன் அம்மா, அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதப்பதை வடித்த இருவருக்கும் நாள் முழுக்க ஈரக்கைதான், கைதட்டல் ஒன்றும் கிடையாது. ஆனால் அடுப்பின் கரிந்த தானியத்தைப் பிடித்தது நீங்கள். ஊரின் வயதைக் கணிக்க விறகுக் கரியை மட்டும் நம்பினால் ஆபத்து உண்டு: கிழட்டு மரத்தின் உள்வளையம், மரம் வெட்டப்படுவதற்கு நூறு வருடம் முன்பே வளர்ந்து நின்றிருக்கலாம், பொருளில் மிஞ்சிய கார்பன் 14 அணுக்களை அளந்து வயது சொல்லும் முறை அந்தப் பழைய வயதைத்தான் சொல்லும். தானியம் ஒரே பருவத்துப் பயிர்.

ஆனாலும் சிக்கல் தீரவில்லை. கி.மு. 800 முதல் 400 வரை கார்பன் திருத்த வளைகோடு (அளவீட்டை உண்மையான ஆண்டாக மாற்றித் தரும் கோடு) ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது, அந்த 400 ஆண்டில் எங்கே விழுந்தாலும் அளவீடு கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வரும். நம் தானியமும் சரியாக அங்கேதான் போய் விழுந்தது! ஒற்றைத் தேதியை நம்ப வேண்டாம், எது மேலே எது கீழே என்ற வரிசையோடு இன்னும் சில மாதிரிகள் அனுப்புங்கள் என்று ஆய்வகத்தார் பொறுமையாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி. அனுப்ப முடிந்ததற்குக் காரணம், மண்ணடுக்குகளை வெயிலில் நின்று கோடு கோடாக வரைந்தவர், திரும்பத் திரும்பப் பூசிய தரை ஒவ்வொன்றுக்கும் தனி எண் போட்டவர். அப்போது அவரை அவசரப்படுத்தினேன், மன்னிக்கவும்.

மழையில் பைகளின் மேல் எழுத்து கரைந்தது என் தவறு, பேனா வாங்கியது நான். உள்ளேயும் ஒரு சீட்டுப் போட்டு வைத்திருந்த பணியாளர் அம்மாக்கள்தான் காப்பாற்றினார்கள்.

ஊரின் பாதியைத் தொடாமல் விட்டிருக்கிறோம், எங்களைவிட நல்ல கருவியோடு யாராவது வருவார்கள். நிலத்துக்காரர் இனி உழலாம், ஆழமாக மட்டும் வேண்டாம். ஓடுகளுக்கு எண் எழுதும் வேலை இன்னும் மலைபோல் கிடக்கிறது, கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் வாருங்கள். பேனா நீங்களே கொண்டு வந்துவிடுங்கள்.