கண் சீட்டில் எழுதாமல் விடுபவை: கண் மருத்துவர்களுக்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கும், கண்ணாடி அளவு பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டுகளுக்கும், டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவோருக்கும் வணக்கம்.

நீங்கள் கொடுத்தனுப்பும் சீட்டு உங்கள் துறைக்குள் மட்டும் சுற்றுவதில்லை. மருந்துக்கடை, கண்ணாடிக்கடை, சர்க்கரை நோய் மருத்துவர், வீட்டில் சொட்டு விடும் மகள் என்று பலர் கைக்குப் போகிறது. அதில் நான்கு விஷயங்கள் தமிழில், சுருக்காமல் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்: எந்தக் கண், நோயின் எந்த வகை, எந்த நிலை, என்ன நடந்தால் எவ்வளவு நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும்.

கண்ணிலிருந்தே தொடங்குவோம். ஓ.டி., ஓ.எஸ்., ஓ.யூ. என்று வலது, இடது, இரண்டும் என்பதை லத்தீனில் சுருக்குகிறீர்கள். பொது மருத்துவர் சீட்டில் ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு வேளை. வலது கண்ணில் நான்கு வேளை விட வேண்டிய மருந்து, இரண்டு கண்ணிலும் ஒரே வேளை என்று மாறிப்போக இது போதும். ‘வலது கண்’ என்று எழுத இரண்டு நொடி ஆகும். இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி, களிம்பு கடைசியில் என்பதையும் அதே இடத்தில் எழுதிவிடுங்கள். உடனே விட்டால் இரண்டாவது சொட்டு முதல் மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும்; காரணம் தெரிந்தவர் நேரம் பார்த்து விடுவார்.

அடுத்து 6/6, 6/12, 6/60. மேலே இருப்பது சோதித்த தூரம், மீட்டரில். கீழே இருப்பது, அதே எழுத்தை நல்ல பார்வை உள்ளவர் எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார் என்பது. இதை விளக்காததால் 6/12 என்றதும் பாதிப் பார்வை போய்விட்டதாகப் பயப்படுகிறார்கள். அதைவிட மோசமானது, 6/6 என்றதும் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று நம்பிவிடுவது. அந்த எண் நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே சொல்கிறது. பார்வை நரம்பைக் கெடுக்கும் நோயான குளுக்கோமா ஓரப்பார்வையைக் குறைத்துக்கொண்டே வரும்போதும், சர்க்கரை நோயால் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்த பிறகும் 6/6 படிக்க முடியும். எனவே பார்வை அளவுக்குப் பக்கத்திலேயே விழித்திரை பார்க்கப்பட்டதா, கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டுப் பார்க்கப்பட்டதா, அடுத்த பரிசோதனை எந்த மாதம் என்பவை இருக்க வேண்டும்.

கண்ணாடிச் சீட்டில் வரும் குழப்பம் வேறு. −2.00 / −0.75 × 180 என்பதும் −2.75 / +0.75 × 90 என்பதும் ஒரே கண்ணாடிதான். சிலிண்டரை (ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வேண்டிய பவர்) மைனஸில் எழுதினால் ஒன்று, பிளஸில் எழுதினால் மற்றொன்று. இரண்டு இடத்தில் அளவு பார்த்தவர் ஒரே வாரத்தில் பவர் ஏறிவிட்டதாகக் கலங்குகிறார். ஒரு முறையை மட்டும் பின்பற்றுங்கள், எந்த முறை என்றும் குறிப்பிடுங்கள். அந்தப் பவர் எந்தச் சாய்வில் வேண்டும் என்று சொல்லும் ஆக்ஸிஸ் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்: 3.00 சிலிண்டர் உள்ளவருக்கு ஆக்ஸிஸ் 10 டிகிரி பிசகினால் ஏறக்குறைய 1.00 சிலிண்டர் திருத்தப்படாமல் நிற்கும். தலைவலி அங்கிருந்து வரும். இரு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் மில்லிமீட்டரில் தந்துவிடுங்கள்.

குளுக்கோமாவில்தான் வகையைச் சொல்லாமல் விடுவது மிக அதிகமாகப் பாதிக்கிறது. சளி மாத்திரை, சிறுநீர்ப்பை மாத்திரை போன்ற பல மருந்துகளின் உறையில் ‘குளுக்கோமா உள்ளவர்கள் கவனம்’ என்று இருக்கும். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கோணம் (கண்ணுக்குள் நீர் வடியும் இடம்) குறுகிய கண்ணுக்கானது. கண்மணி விரிந்தால் அங்கே நீர் வடியும் வழி அடைபடலாம். திறந்த கோணம் உள்ளவருக்கு அந்த மாத்திரைகளைவிட ஸ்டீராய்டால் கண் அழுத்தம் ஏறும் என்ற கவலையே பெரிது. ‘குளுக்கோமா’ என்று மட்டும் எழுதினால் ஒருவர் தேவையான மருந்தை நிறுத்துகிறார், இன்னொருவர் ஆகாததை விழுங்குகிறார். திறந்த கோணமா, குறுகிய கோணமா, ஐரிஸில் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலம்) லேசர் துளை போட்டாயிற்றா என மூன்றே தகவல்கள் வேண்டும். ‘கண் பிரஷர்’ என்று எழுதினால் அது ரத்த அழுத்தம் இல்லை என்ற குறிப்பும் தேவை. ரத்த அழுத்த மாத்திரையே போதும் என்று சொட்டை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வழக்கமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும் இந்தக் கண் அழுத்தம், கார்னியா (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) மெல்லியதாக இருந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் கார்னியாவின் தடிமனை மைக்ரான் கணக்கில் ஒருமுறையாவது பதிவு செய்யுங்கள்.

புரை அறுவை முடிந்ததும் உள்ளே வைத்த லென்ஸின் ஸ்டிக்கரைச் சீட்டிலேயே ஒட்டிக் கொடுங்கள். ஓரிரு ஆண்டுக்குப் பின் மறுபடி மங்கினால் ‘புரை திரும்பி வந்துவிட்டது’ என்கிறார்கள். லென்ஸைத் தாங்கும் பின்பக்க உறை மங்குவதுதான் பெரும்பாலும் காரணம், லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்துவிடலாம் என்று முன்பே எழுதிவைத்தால் வீண் பயமும் தாமதமும் இருக்காது. லேசிக் (கண்ணாடி பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சை) செய்தவர்களுக்கு அறுவைக்கு முந்தைய கார்னியா அளவுகளைக் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். முப்பது ஆண்டு கழித்துப் புரை வரும்போது, அந்த அளவுகள் இல்லாவிட்டால் லென்ஸ் கணக்கு தவற வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, திரும்பி வர வேண்டிய அறிகுறிகள். ‘தொந்தரவு இருந்தால் வரவும்’ என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. கண்ணில் மின்னல் வெட்டுவது, திடீரெனக் கரும்புள்ளிகள் பெருகுவது, ஓரத்தில் திரை இறங்குவது: அன்றே வர வேண்டும், விழித்திரை கிழிந்திருக்கலாம். விட்ரியஸ் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல்) மட்டும் விழித்திரையிலிருந்து விலகியிருக்கிறது என்று சொல்லி அனுப்பியவருக்கும் இது பொருந்தும். கிழிசல் அடுத்த சில வாரங்களில் உண்டாகலாம். வலியின்றி ஒரு கண் சட்டென இருண்டால் அது கண்ணுக்கு வந்த பக்கவாதமாக இருக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், புகைப்படத்தில் மட்டும் என்றாலும், தள்ளிப்போடக் கூடாது. விழித்திரைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

இந்த அறிகுறிகளில் அந்த நோயாளிக்குப் பொருந்துபவற்றை மட்டும், பெரிய எழுத்தில், உங்கள் தொலைபேசி எண்ணுக்கு நேர் கீழே எழுதுங்கள். சீட்டை வாங்குபவரே பார்வை குன்றியவர் என்பதால் கூட வந்தவருக்கும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கண் சீட்டுகளை நோயாளிகளுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லும் பணியில் இருப்போர்