குளத்தங்கரைப் பலகையில் என்ன எழுதலாம்?

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு விதி எழுதும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறதே! சிலர் ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது என்கிறார்கள், சிலர் விருந்தே வைக்கலாம் என்கிறார்கள் என்று சொன்னாய். போனில் பேசி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே. நாங்கள் முன்பு இருந்த குடியிருப்பில் குளத்து விளிம்பில் யாரோ வைத்த கண்ணாடி டம்ளர், கை பட்டு உள்ளே விழுந்து நொறுங்கியது. தண்ணீருக்குள் கண்ணாடிச் சில்லு கண்ணுக்கே தெரியாது. வலை போட்டு அள்ளியும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் மொத்தத் தண்ணீரையும் இறைத்து, தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்த பிறகுதான் திரும்ப நிரப்பினார்கள். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடமம்மா அது. தண்ணீருக்குள் மட்டுமல்ல, வேலிக்குள் எங்கேயும் கண்ணாடி வரக் கூடாது என்று எழுது.

குடிதண்ணீரைத் தடுப்பது தவறு. நீந்தும்போதும் உடம்பு வியர்க்கும், ஈரத்தில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலோ ஸ்டீல் பாட்டிலோ இருக்கட்டும்.

சாப்பாட்டை அடியோடு தடை செய்தால் ஒளித்து வைத்துச் சாப்பிடுவார்கள். கரையிலிருந்து தள்ளி நாலு மேசை, பக்கத்திலேயே மூடி போட்ட குப்பைத்தொட்டி, இது போதும். ஆனால் தண்ணீருக்குள் ஒரு துணுக்குகூடக் கூடாது. கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறோம். விழுகிற தீனியோடும் சேர்கிற அழுக்கோடும் மல்லுக்கட்டியே அது தீர்ந்துபோனால் கிருமிக்கு யார் காவல்? மூக்கைத் துளைக்கும் அந்த வாடை வந்தால் குளோரின் கூடிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை. கண் எரிவதும் அதனால்தான். வாயில் எதையாவது மென்றுகொண்டு நீந்துவதையும் தடை செய், சூயிங்கம் உட்பட. புரையேறினால் தண்ணீருக்குள் சமாளிப்பது கஷ்டம்.

'சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தே இறங்கவும்' என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிப் பெரியவர்கள் கேட்பார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனால் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவியல் ஆலோசனைக் குழு 2011இல் இதை அலசிப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு நீந்துவதால் மூழ்கும் ஆபத்து கூடுவதாகச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டவர் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு இறங்கினால் அவருக்கே சுகம், அதற்கு விதி எதற்கு?

மதுவுக்கு மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம். நீந்துகிறவரை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதும் இல்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். கரையில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் குடித்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தைக் கவனிக்க யார் இருப்பார்கள்? எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. கூட்டத்தில் எதிர்ப்பு வந்தால் இதை எடுத்துச் சொல்.

ஒவ்வொரு விதிக்கும் கீழே காரணத்தை ஒரு வரியில் போடு. பலகை எழுதக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு, ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா