பாகவதர் வழக்கு: வக்கீல் நண்பனுக்கு ஒரு பதில்

அன்புள்ள வக்கீலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய், என்ன பெயர் என்பதை மட்டும் விட்டுவிட்டாய். உன் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் சர்க்கரைதான் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. திருச்சி வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காலப் பாடும் நடிகர் தியாகராஜ பாகவதரின் சினிமா வாழ்க்கை முடிந்ததைப் பற்றி, "பாகவதரைக் கொன்றது அந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான்" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதி முடித்திருக்கிறாய். மேல்முறையீடு செய்கிறேன், கேள்.

தியாகராஜ பாகவதர் 1910இல் மாயவரத்தில் பிறந்தவர்தான். ஆனாலும் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லுவோம். பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தவர் ரயில்வேயில் பதவி வகித்த எஃப்.ஜி. நடேச ஐயர். அங்கே தொடங்கியது எல்லாம். 1934இல் 'பவளக்கொடி', 1937இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என்று பத்தே ஆண்டுகளில் அவர் தலைமுடியை வெட்டிக்கொள்ளும் விதத்துக்கே 'பாகவதர் கிராப்பு' என்று பெயர் வந்துவிட்டது. என் தாத்தாவின் பழைய புகைப்படத்தில் அதே கிராப்பு. பாட்டி கடைசிவரை அதைச் சொல்லிக் கேலி செய்தாள்.

வழக்கு விவரம் உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றைச் சொல்கிறேன். லட்சுமிகாந்தனின் 'சினிமா தூது' நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சேற்றிக் காசு பார்த்த பத்திரிகை. போர்க்காலத்தில் பத்திரிகை நடத்த அரசின் உரிமம் வேண்டும். அதை ரத்து செய்யச் சொல்லி ஆளுநரிடம் மனுக் கொடுத்தவர்கள் பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும். பத்திரிகை நின்றது. அந்த ஆள் அடங்காமல் 'இந்துநேசன்' என்று இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்திக்குத்து பட்டு மறுநாள் இறந்தபோது, போலீஸ் யார் பக்கம் திரும்பியிருக்கும் என்று யூகிக்கப் பெரிய மூளை வேண்டாம். சட்டப்படி மனுக் கொடுத்ததே பகைக்குச் சாட்சியாகிவிட்டது. இதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. கடைசியில் கொன்றது யார் என்பதும் தீரவில்லை.

மூவரும் கைதாகி விசாரணை நடந்ததில் நாயுடு விடுதலை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றம் கைவிரிக்க, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கே திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள். வாதாடியவர் வி.எல். எத்திராஜ், சென்னையில் எத்திராஜ் கல்லூரியைத் தொடங்கிய அதே எத்திராஜ்தான். உங்கள் தொழிலில் இப்படியும் சிலர் இருந்திருக்கிறார்கள்!

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன். ஜனங்கள் அவரைக் கைவிட்டார்களா? இல்லையே! 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. கதாநாயகன் ஜெயிலில், அவன் பாட்டுக்குத் தியேட்டரில் கூட்டம். கொலைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்ன மனிதன், அந்தப் படத்தில் பெற்றோரை மதிக்காமல் திரிந்து, கால்களை இழந்து, திருந்தி வருகிறவனாகப் பாடியதைக் கேட்டு அழுதவர்கள் அவர்கள். பழி அவரை ஒழித்தது என்று எப்படிச் சொல்வாய்?

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பார். அதே வழக்கு, அதே தண்டனை. வெளியே வந்து இரண்டே ஆண்டில் அண்ணாதுரை எழுதிய 'நல்லதம்பி'யில் நடித்தார். அவருடைய சரக்கு பேச்சு, வரப்போகிற சினிமாவும் பேச்சு. பாகவதரின் சரக்கோ பாட்டு, அதுவும் தன் தொண்டையில் தானே பாடுகிற பாட்டு. அவர் உள்ளே இருந்த நாட்களில் பின்னணிப் பாடல் வேரூன்றிவிட்டது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பதை ரசிகன் ஏற்றுக்கொண்ட பிறகு, பாடத் தெரிந்தவன்தான் நாயகன் என்ற விதி எங்கே நிற்கும்? அவரே எடுத்த 'ராஜமுக்தி'யில் வி.என். ஜானகிக்குப் பின்னணி பாடியவர் எம்.எல். வசந்தகுமாரி. தன் காலம் முடிவதற்குத் தன் கையாலேயே மேடை போட்டுக் கொடுத்தார் என்று எனக்குத் தோன்றும்.

அந்தப் படத்தை நினைத்தால் இன்னொரு துக்கமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கு வசனம் எழுதப் புனாவுக்குப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, படம் வெளிவருவதற்கு முன்பே 1948 ஜூனில் போய்விட்டார். பாகவதர் கதையில் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் குறைவு.

'அமரகவி', 'சியாமளா' இரண்டும் 1952இல் வந்தன. அதே ஆண்டுதான் வசனத்தாலேயே பேர் வாங்கிய 'பராசக்தி'. இதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா? நேர்மையாகச் சொன்னால் பாகவதருக்கு வசனம் வராது. பாட்டு முடிந்து பேசத் தொடங்கினால் எப்போது அடுத்த பாட்டு என்று நாம்தான் காத்திருப்போம். ஆனால் பாபநாசம் சிவன் எழுதி, ஜி. ராமநாதன் இசையில் அவர் மேல்பஞ்சமத்தில், அந்த உச்சக் குரலில், ஒரு சொல்லை நிறுத்திப் பிடிக்கும்போது, நடிப்பாவது ஒன்றாவது!

சிறை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கையில் இருந்த படங்கள் போயின. 'உதயணன் வாசவதத்தா' சங்கீத வித்வான் ஜி.என். பாலசுப்பிரமணியத்திடம் போனது. முப்பத்துநான்கு வயதிலிருந்து முப்பத்தேழு வரை என்பது ஒரு பாடகனுக்குச் சாதாரண இழப்பா? மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்கக்கூடிய ஆண்டுகளை அது பறித்தது. இந்த அளவுக்கு உன் கட்சியை ஒப்புக்கொள்கிறேன், இதற்கு மேல் முடியாது.

1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். நாற்பத்தொன்பதே வயது. நீரிழிவால் அவதிப்பட்டவர். (என் மகள் எனக்கு இனிப்பைத் தடுக்க இதைத்தான் உதாரணம் காட்டுகிறாள்.) சமாதி இங்கே சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. இப்போது அரசாங்கம் மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. மண்டபம் நல்லதுதான். ஆனால் டி.எம். சௌந்தரராஜன் சினிமாவில் முதலில் பாடிய பாட்டைக் கேள், முழுக்கப் பாகவதர் பாணி. அவர் அதிலிருந்து கிளம்பித்தான் தன் குரலைக் கண்டுபிடித்தார். சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் பாடிய குரலுக்கு அடியில் பாகவதர் இருக்கிறார். பாடும் நடிகனின் காலம் போனது, பாட்டு வேறு தொண்டைக்கு இடம் மாறிக்கொண்டது.

ஆவணியில் தங்கை மகன் கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். உன் வீட்டில்தான் தங்குவேன், எதிர்வாதத்தைத் தயார் செய்து வை. பிரிவி கவுன்சில் தீர்ப்பின் நகல் உங்கள் வக்கீல் சங்க நூலகத்தில் இருந்தால் எடுத்து வை. ஜூரிகள் முன்னால் நடந்ததில் என்ன பிசகு என்று அவர்கள் சொன்னார்கள் என்பதை நீ படித்து எனக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
உன் திருச்சி நண்பன்