ஆளில்லாத நிரல்: லினக்ஸ் கர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

பழைய நிரலையெல்லாம் தூக்கி எறியுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் அடிமட்டத்தில் அபத்தமாகத் தெரியும் பல வரிகளுக்குப் பின்னால் உறுதியான காரணம் இருக்கிறது. ஏ20 என்ற முகவரித் தடத்தின் கதையையே பாருங்கள். முதல் ஐபிஎம் பிசியில் இருந்த 8088 சிப்பில், நினைவக இடத்தைக் குறிக்கும் முகவரித் தடங்கள் 20தான். 1 எம்பியைத் தாண்டிய முகவரி சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கே வந்துவிடும். அதை நம்பி எழுதிய மென்பொருள்கள் இருந்தன. எனவே 1984இல் கூடுதல் தடங்களோடு வந்த பிசி ஏடி கணினியில் 21ஆவது தடத்துக்கு (பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அதுதான் ஏ20) ஐபிஎம் ஒரு பூட்டுப் போட்டது. அதன் சாவியை விசைப்பலகையைக் கவனிக்கும் சிப்பிடம் கொடுத்தது, அதில் ஒரு முனை சும்மா இருந்தது என்பதற்காக! இன்டெல் வகைச் சிப்புகளுக்கான எக்ஸ்86 துவக்க நிரலில் அந்தத் தடத்தைச் சோதித்து, கணினியோடு வரும் அடிப்படை மென்பொருளான பயாஸையும் விசைப்பலகைச் சிப்பையும் மாறி மாறிக் கேட்கும் பகுதி இன்னும் இருக்கிறது. காரணம் அறியாத ஒருவர் அதைச் சுத்தம் செய்தால் அவருடைய கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். அவர் பார்த்தே இராத வேறொரு கணினிதான் துவங்காமல் நிற்கும்.

என் மனக்குறை வேறு. நிரல் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

வலையமைப்பில் தரவு அனுப்பும் டிசிசிபி நெறிமுறை 2005இல் கர்னலுக்குள் வந்தது. பயன்படுத்தியவர்கள் மிகச் சொற்பம். 2017இல் அதில் ஒரு பழுது வெளிப்பட்டது: ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் பிழை. அதைக்கொண்டு சாதாரணப் பயனர் ஒருவர் கணினி முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரத்தையே பிடித்துவிடலாம். பத்தாண்டுகளுக்கும் மேலாக அது அங்கேயே கிடந்திருக்கிறது. "யாரும் பயன்படுத்தவில்லையே" என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஒரு நிரல் டிசிசிபி இணைப்புக்கான சாக்கெட் ஒன்றைக் கேட்டாலே போதும், பல கணினிகளில் அந்த மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் பகுதி) தானாக ஏறிவிடும் நிலை இருந்தது. அதே ஆண்டு, தொடர் இணைப்புகளுக்கான என்_எச்டிஎல்சி டிரைவரிலும் இதே கதை; அந்தப் பழுது 2009இல் புகுந்தது. டிசிசிபியை நீங்கள் நீக்கியது 2025இல். நடுவே எட்டு ஆண்டுகள் எதற்காகக் காத்திருந்தோம்?

நீக்கத் தெரியாதவர்கள் அல்ல நீங்கள். 1991இல் லினக்ஸ் பிறந்ததே இன்டெலின் 386 சிப்பில்தான். ஒரு மதிப்பை ஒப்பிட்டு மாற்றும் சிஎம்பிஎக்ஸ்சிஎச்ஜி கட்டளை அதில் இல்லாததால், ஒரே தரவை இரு வேலைகள் ஒருசேர மாற்றாமல் காக்கும் பூட்டுகள் தொடர்பான நிரலைத் தொடும்போதெல்லாம் தனிவழி தேவைப்பட்டது. 2012இல், 3.8 பதிப்புக்கான வேலையின்போது, கண்ணீர் சிந்தாமல் 386 ஆதரவை வெட்டினீர்கள், மிகச் சரி. வயதை வைத்து நீங்கள் தீர்ப்பளிப்பதும் இல்லை. 2001இல் சந்தைக்கு வந்த இன்டெலின் இட்டானியம் சிப்புக்கான ஆதரவு 6.7 பதிப்போடு போய்விட்டது. அதைவிட மூத்த அமிகா, அடாரி கணினிகளுக்கான எம்68கே பிரிவு இன்னும் இருக்கிறது. அதை நேசித்துப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கேட்கிறேன். எதற்கு யார் பொறுப்பு என்று பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ஒரு பகுதியை 'ஆர்ஃபன்' (அநாதை) என்று குறிக்கும் அன்றே, அது தானாக ஏறும் வசதியையும் எடுத்துவிடுங்கள். தேவைப்படும் நிர்வாகி கையால் ஏற்றிக்கொள்ளட்டும். ஓராண்டுக்குள் யாரும் பொறுப்பேற்காவிட்டால் நீக்குங்கள். பழைய பதிப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் கிட் வரலாற்றில் அது பத்திரமாகவே இருக்கும். வன்பொருளும் பொறுமையும் உள்ளவர் பிறகு மீட்டுக்கொண்டு வரலாம். வைத்துக்கொள்ளும் விசித்திர வரிகளுக்கோ, எந்தக் கணினிக்காக எழுதப்பட்டவை என்று பக்கத்திலேயே பெயர் சொல்லி எழுதிவையுங்கள். "பழைய வன்பொருளுக்காக" என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை.

இப்படிக்கு,
டிரைவர் நிரல்களோடு மல்லுக்கட்டும் ஒருவன்